பொம்மை குனியாது

1973ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள், வியாழக்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு, தஞ்சை மாவட்டக் கிராமத் தொழில் வடிவமைப்புக் குழுமத்தின் ஏழாவது கூட்டம் தஞ்சாவூரில் அதன் அலுவலகக் கூடத்தில் நடைபெற்றது. உறுப்பினர் ஒன்பதின்மருள் எழுவர் வந்திருந்தனர். வராத இருவருள் ஒருவர் தம் இயலாமையை முன்னரே எழுதித் தெரிவித்திருந்தார். மற்றவர் மார்ச்சு மாதமே காலமாகிவிட்டவர். அச்செய்தி முறைப்படி குழுமத்துக்கு வந்து சேராமையால் 'வரவில்லை' என்றே குறித்தேன்.

குழுமம் அவ்வாண்டுத் தைத் திங்களில் தோற்றுவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகள் எங்கள் மாவட்டத்துக்கு நல்ல ஆண்டுகள் அல்ல. கூலித் தகராறு, வெளியூர் ஆட்களை இறக்குதல், வயலில் கொடி ஊன்றுதல், ஊன்றிய கொடியைப் பிடுங்குதல், உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தைப் பிறக்காத பேரன் பெயரில் எழுதிவைத்தல் என்று நாளிதழ்களில் தஞ்சையின் பெயர் வராத நாளில்லை. கெட்ட பெயரைச் சீராக்க அரசு பல வழிகளை ஆராய்ந்தது. நிலத்தைப் பங்கிடுவதைக் காட்டிலும் நல்ல வடிவமைப்பைப் பங்கிடுவது எளிது என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். 'இந்தியத் தொழில்முனைவோரிடம் உழைப்பு உண்டு, துணிவு உண்டு. வடிவமைப்பு ஒன்றே இல்லை' என்று தொடங்குகிறது குழுமத்தின் நோக்க அறிக்கை. அந்த வரியை எழுதியவள் நான். அப்போது நான் மகளிர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். கோப்புகளை ஒழுங்காக வைத்திருப்பவள் என்ற பெயர் இருந்ததால் என்னைக் குழுமத்தின் மதிப்புறு செயலராக அமர்த்தியிருந்தார்கள்.

அன்றைய பொருள்நிரலில் ஒரே ஒரு விண்ணப்பம் இருந்தது. விண்ணப்பதாரர் மீரா உசேன். முத்துப்பேட்டைப் பேருந்து நிலையத்தின் அருகே குடை பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். பட்டுக்கோட்டை வழியாக மூன்று மணி நேரம் பேருந்தில் நின்றுகொண்டே வந்ததால் அவருடைய வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. மடியில் ஒரு பெரிய துணி மூட்டையை வைத்துக்கொண்டு, அழைக்கும் வரை வாயிலருகே அமர்ந்திருந்தார்.

மூட்டையில் இருந்தவை பன்னிரண்டு மழைப்போர்வைகள்.

நடவு நடும் பெண்கள் மழைநாளில் என்ன போர்த்திக்கொள்கிறார்கள் என்பதை நகரத்து வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துச் செருகித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். அதற்குக் கொங்காணி என்று பெயர். கால் மணி நேர மழையில் சாக்கு நீரைக் குடித்துவிடும். அதன்பின் அவர்கள் மழையோடு சாக்கையும் சுமக்கிறார்கள். இரண்டாண்டுகளுக்கு முன்பு தங்கமணி என்ற நடவாள் ஒருத்தி, யூரியா மூட்டைக்குள் உள்ளுறையாக வரும் பாலிதீன் பையைக் கொண்டுவந்து மீரா உசேனிடம் கொடுத்து, "பாய், ரெண்டு கையும் சும்மா இருக்கணும், முதுகு நனையக் கூடாது, ஏதாச்சும் பண்ணிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அவர் தம் மனைவி ரசியா பேகத்தை வயலுக்கே அழைத்துச் சென்றிருக்கிறார். ரசியா பேகம் சேற்றில் இறங்கி, தங்கமணியைக் குனிந்து நாற்று நடச் சொல்லி, அவள் குனிந்திருந்தபடியே உச்சந்தலை முதல் கெண்டைக்கால் வரை கயிற்றால் அளவெடுத்திருக்கிறார்.

ஆகவே போர்வையின் பின்புறம் மிக நீளம், முன்புறம் மிகக் குட்டை. தலைப்பகுதியின் விளிம்பில் ஒரு குடைக்கம்பியை வளைத்துச் செருகியிருந்தார். குனிந்த முகத்தில் வழியாமல் நீர் இருபக்கமும் வடிந்துவிடும். எங்கும் ஊசி போடவில்லை. மூட்டுகளின் மேல் செய்தித்தாளை வைத்துக் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, பாலிதீனை உருக்கி ஒட்டியிருந்தார். தங்கமணியின் குழுவில் பன்னிரண்டு பேர். முந்தைய ஐப்பசியில் பன்னிரண்டு பேரும் அவற்றைப் போட்டுக்கொண்டு, தாளடி என்னும் இரண்டாம் போகத்தை நட்டார்கள். அந்த மழைக்காலத்தில் அந்தப் பன்னிருவரில் ஒருத்தியும் காய்ச்சலென்று படுக்கவில்லை என்று விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது.

பக்கத்து ஊர்ப் பெண்களும் கேட்கத் தொடங்கினார்கள். அத்தனை யூரியாப் பைக்கு அவர் எங்கே போவார்? பாலிதீன் சுருள் வேண்டும். சுருளுக்கு ஒதுக்கீடு வேண்டும். ஒதுக்கீட்டுக்கு, 'இப்பொருள் நல்ல வடிவமைப்பு உடையது' என்ற எங்கள் சான்று வேண்டும். ஐப்பசி பிறக்க இரண்டு மாதம் இருந்தது.

குழுமத்தின் தலைவர் பஞ்சநதம். ஆளுங்கட்சியின் மேடைப் பேச்சாளர். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டால்கூட அதில் மூன்று அடுக்குமொழி இருக்கும். அவருக்கு வலப்பக்கம் வடிவமைப்பு வல்லுநர் துரைராசு அமர்ந்திருந்தார். மேல்நாட்டில் ஆறு மாதப் பயிற்சி பெற்றவர்; திரும்பி வந்து ஏழாண்டு ஆகியும் அந்தப் பயிற்சி முடியாதவர்போலவே பேசுவார்.

துரைராசு பன்னிரண்டில் ஒன்றை எடுத்துப் பொம்மைக்கு அணிவிக்கச் சொன்னார்.

பொம்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடுத்தும் பொருள்களை ஆராய்வதற்கெனக் கும்பகோணத்து ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து குழுமம் அதை வாங்கியிருந்தது. உயரம் ஐந்தரை அடி. வலக்கையைச் சற்றே உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டி, புடைவை வாங்க வந்தவர்களை வரவேற்கும் பாவனையில் சிரித்துக்கொண்டு நிற்கும். போர்வையை மாட்டியதும் பின்புறம் தரையில் ஒரு சாண் புரண்டது. முன்புறம் இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. குடைக்கம்பி விளிம்பு பொம்மையின் மூக்கின் மேல் இறங்கியது. உறுப்பினர் சிலர் சிரித்தார்கள்.

"முன்னுக்கும் பின்னுக்கும் பொருத்தமே இல்லையே. சமச்சீர் எங்கே? பேலன்ஸ் எங்கே?" என்றார் துரைராசு.

"குனிஞ்சா சரியாயிடுங்க" என்றார் மீரா உசேன்.

"எது குனிஞ்சா?"

"போட்டிருக்கவங்க குனிஞ்சா, சார்."

துரைராசு பொம்மையைப் பார்த்தார். "பொம்மை குனியாது" என்றார்.

"பொம்ம குனியாதுங்க. பொம்ம நடவும் நடாதுங்களே" என்றார் மீரா உசேன். அவர் கேலியாகச் சொல்லவில்லை; உதவியாகச் சொன்னார்.

தலைவர் என் பக்கம் திரும்பி, "குறிச்சுக்குங்கம்மா" என்றார். நான் குறித்தேன்: 'மாதிரி, நிறுவப்பட்ட ஆய்வுக் கருவியுடன் பொருந்தவில்லை. இது விண்ணப்பதாரரின் குறையாகக் கொள்ளப்படுகிறது.'

அடுத்து, அங்கீகாரம் பெறாத ஒரு வடிவம் ஆய்வுக் காலத்தில் புழக்கத்தில் இருப்பது முறையன்று என்று துரைராசு சுட்டிக்காட்டினார். புழக்கத்தில் இருந்தவை பன்னிரண்டே. பன்னிரண்டும் மேசைமேல் இருந்தன. அவற்றைக் குழுமத்தின் பொறுப்பில் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. மீரா உசேன் எழுந்து நின்றார்.

"இது என்னோடது இல்லீங்களே. அந்தப் பொம்பளைங்களோடது. காட்டிட்டுத் தரேன்னு வாங்கியாந்தேன்."

"ரசீது தருவாங்க" என்றார் தலைவர்.

நான் ரசீது கொடுத்தேன். எண், நாள், பொருளின் விவரம், பெற்றுக்கொண்டவர் கையொப்பம் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. அதை அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

எட்டாவது கூட்டம் செப்டம்பர் 6ஆம் நாள் கூடியது. நிறம் பற்றி மட்டுமே ஆராய்ந்தது. யூரியாப் பை கலங்கலான வெள்ளையாக இருக்கும். வெள்ளை துக்கத்தை நினைவூட்டும் என்று ஒருவர் சொன்னார். சிவப்பு வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் சிவப்பு வேண்டாம் என்பதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். மிராசுதார்கள் சார்பில் வந்திருந்த உறுப்பினர், "இருநூறு பொம்பளைங்க செவப்புப் போத்திக்கிட்டு என் வயல்ல எறங்கினா நான் நடவுன்னு நெனைப்பேனா, மறியல்னு நெனைப்பேனா?" என்று கேட்டார். அது நியாயமான ஐயம் என்று ஏற்கப்பட்டது. கறுப்பு ஒரு கட்சிக்குரியது. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் இன்னொரு கட்சிக்குரியது. பச்சை, விண்ணப்பதாரரின் சமயத்தைக் குழுமம் ஆதரிப்பதாகத் தோன்றும் என்றார்கள். காவியைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. மஞ்சள் பற்றித் தலைவர் தம் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இறுதியில், 'நிறம் பின்னர் அறிவிக்கப்படும்; அதுவரை பொருள் நிறமற்றதாகக் கருதப்படும்' என்று எழுதினேன்.

அதே கூட்டத்தில் துரைராசு சில மேம்பாடுகளையும் பரிந்துரைத்தார். கண்ணியமான எந்த மேலாடைக்கும் ஒரு பை உண்டு. எனவே முன்புறத்தில் ஒரு பை. மாவட்டத்தின் பெருமையைக் காட்டத் தாராசுரத்துக் கல்தேரின் சக்கரத்தை முதுகில் நூலால் பின்னவேண்டும். அன்று விண்ணப்பதாரரை அழைத்திருக்கவில்லை. பரிந்துரையை நான் அஞ்சலில் அனுப்பினேன். நான்கு நாளில் ஓர் அஞ்சலட்டை வந்தது. கையெழுத்து ரசியா பேகத்தினுடையது.

'அம்மா அவர்களுக்கு. சக்கரம் தைத்தால் ஊசி போன வழியெல்லாம் தண்ணீர் வரும். ஒரு ஊசி போட்டாலும் ஒழுகும். பையில் தண்ணீர் தேங்கும், குனிந்தால் மூஞ்சியில் கொட்டும். வேறு எது சொன்னாலும் செய்து தருகிறோம். மழை வரப் போகிறது. பன்னிரண்டு பேரும் தினமும் கடைக்கு வந்து கேட்கிறார்கள்.'

அஞ்சலட்டையில் பொருள் எண்ணும் கோப்பு எண்ணும் குறிக்கப்படவில்லை. அவற்றைக் குறித்து மறுபடி அனுப்புமாறு எழுதினேன். அவர் அவ்வாறே அதே வாசகத்தை மறுபடி எழுதி அனுப்பினார். அதில் ஒன்பது நாள் போயிற்று. அந்த ஒன்பது நாளை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே எண்ணிப் பார்த்தேன், பின்னாளில்.

அக்டோபர் 4ஆம் நாள் நடந்த ஒன்பதாவது கூட்டத்தைத்தான் நான் இன்றும் நினைக்க விரும்பாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பொருளைப் பயன்படுத்துவோர் ஒருவரையேனும் நேரில் பார்க்க வேண்டுமென்று விதியில் இருந்தது. விதியை நானே எடுத்துக்காட்டினேன். துரைராசுவுக்கு அதில் விருப்பமில்லை.

"பயன்படுத்துறவங்ககிட்டக் கேட்டா பயன்பாட்டைப் பத்தித்தான் பேசுவாங்க. வடிவமைப்பைப் பத்திப் பேச மாட்டாங்க" என்றார். அது பலருக்கும் ஆழ்ந்த கருத்தாகப் பட்டது. எனினும் விதி விதிதான். தங்கமணியை வரவழைத்தார்கள்.

அவள் மெலிந்த பெண். முப்பத்தைந்து வயதிருக்கலாம். தலைக்கு எண்ணெய் தடவி அழுந்த வாரி, அதற்கென்றே வைத்திருந்த ஒரு நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். விரலிடுக்குகள் சேற்றுப்புண்ணால் வெளுத்திருந்தன. நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. மேசைமேல் இருந்த பன்னிரண்டையும் பார்த்ததும், தெருவில் தெரிந்தவரைக் கண்டதுபோல அவள் முகம் மலர்ந்தது.

"அந்த சைக்கிள் டியூப்பு ஒட்டு போட்டிருக்கே, அது என்னுதுங்க" என்றாள். "ஆணி பட்டுக் கிழிஞ்சிடுச்சு. பாய்தான் ஒட்டிக் குடுத்தாரு."

தோள்பட்டைப் பகுதியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு ஒட்டு இருந்தது.

"போட்டுக் காட்டும்மா" என்றார் தலைவர்.

அவள் அதை எடுத்து ஒரே வீச்சில் தலைவழியே மாட்டினாள், உடனே குனிந்தாள். தரைவிரிப்பின் மேல், நாற்றே இல்லாமல், இடக்கையில் நாற்றுமுடியைப் பிடித்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு வலக்கையால் ஊன்றி ஊன்றிப் பின்னோக்கி நகர்ந்தாள். போர்வை அவள் முதுகெங்கும் படிந்து, கெண்டைக்காலில் மிகச் சரியாக முடிந்தது. குடைக்கம்பி விளிம்பு நெற்றிக்கு நான்கு விரற்கடை முன்னே நின்றது. ஒரு சாண் மிகுதி இல்லை. ஒரு விரல் குறைவு இல்லை. நான் அதுவரை பார்த்த எந்த ஆடையும் எவர் உடம்பிலும் அப்படிப் பொருந்தியதில்லை. அதை நான் பார்த்தேன். மற்ற அறுவரும் பார்த்தார்கள்.

பஞ்சநதம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நிமிர்ந்து நில், தாயே!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். போர்வையின் பின்புறம் தரையில் புரண்டது.

"யாருக்கு முன்னால் குனிகிறாய்? ஆண்டைக்கு முன்னால் குனிந்தாய், அடுத்த வேளைச் சோற்றுக்குக் குனிந்தாய், அந்தக் காலம் மலையேறிவிட்டது! இந்த ஆட்சியில் உழைப்பவர் எவரும் குனிய வேண்டியதில்லை. தோழர்களே, நண்பர்களே! நான் கேட்கிறேன், குனிவதற்கென்றே ஓர் ஆடையை இந்தக் குழுமம் அங்கீகரித்தால், குனிவதையே அரசு அங்கீகரித்ததாகாதா? நல்ல வடிவமைப்பு என்பது என்ன? இருக்கிற மனிதனுக்கு ஏற்பத் தைப்பதா? இல்லை! நாம் காண விரும்பும் மனிதனுக்கு ஏற்பத் தைப்பது! நாம் காண விரும்பும் நடவாள் நிமிர்ந்து நிற்பவள்! நெஞ்சை உயர்த்தி நிற்பவள்!"

கைதட்டல் எழுந்தது. மிராசுதார்களின் பிரதிநிதியும் கைதட்டினார். அவர் ஏன் தட்டினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கைதட்டல் அடங்கியதும் தங்கமணி மெல்லக் கேட்டாள்: "நிமிந்துகிட்டு எப்புடிங்க நடுறது?"

அவள் கேட்டது தெரிந்துகொள்வதற்காகவே. ஆளும் கட்சியார் புதிதாக ஏதோ வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், அதைச் சொல்லித் தரப்போகிறார்கள் என்று நினைத்தவள்போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

"அய்யா, நானும் நிமிர்ந்து நிக்கிற ஆளுதாங்க" என்றார் அவளோடு வந்து பின்னால் நின்றிருந்த மீரா உசேன். "ஆனா நாத்து தரையிலல்ல இருக்கு? அது மேல வராதுங்களே. இவங்க குனிஞ்சுதான் ஆகணும். குனியறப்ப நனையாம இருக்கட்டும்னுதான்..."

"பார்த்தீங்களா, இதுதான் நம்ம தொழில்முனைவோர்கிட்ட உள்ள குறை" என்றார் துரைராசு வருத்தத்துடன். "பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கிறாங்க. விஷன் இல்லை."

வாயிற்படியில் தங்கமணி போர்வையைக் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டு தயங்கினாள். "இத நான் எடுத்துட்டுப் போலாங்களா?" என்று பொதுவாகக் கேட்டாள். கடைநிலை ஊழியர் வைரக்கண்ணு அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கும்போது, "கூடிய சீக்கிரம் குடுத்துருவாங்க, போங்க" என்றும் சொன்னார். அந்தக் கூடத்தில் அன்று சொல்லப்பட்ட ஒரே அன்பான சொல் அது, அதுவும் உண்மையாகவில்லை.

அன்றைய தீர்மானத்தை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. 'நடவுத் தொழிலாளியின் நிமிர்ந்த நிலையே அவளது இயல்பு நிலை எனக் கொண்டு, மேலாடையின் முன்னும் பின்னும் சம நீளத்தில் அமைதல் வேண்டும்' என்பது அதன் முதல் வரி. எழுவாயும் பயனிலையும் ஒத்திருந்தன. ஒரு சொல் மிகையில்லை. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் அது மிகத் திருத்தமான வாக்கியங்களுள் ஒன்று. என் தகப்பனாருக்குப் பூதலூரில் நிலம் இருந்தது. சிறுபிராயத்தில் பள்ளிக்குப் போகும் வழியில் நடவைப் பார்த்துக்கொண்டேதான் போவேன். நிமிர்ந்து நின்று நட்ட ஒருத்தியை நான் கண்டதில்லை.

அவ்வாண்டு ஐப்பசி மழை முறை தவறாமல் பிறந்தது. நவம்பர் முதல் நாள், வியாழக்கிழமை, பத்தாவது கூட்டத்துக்கு நான் குடையுடன் அலுவலகத்தை அடைந்தபோது, தாழ்வாரத்துக்கு வெளியே, கூரைநீர் கொட்டும் இடத்தில் தங்கமணியும் மீரா உசேனும் நின்றிருந்தார்கள். தரை ஈரமாகும் என்று உள்ளே விடவில்லை. தங்கமணியின் தலையில் சாக்குக் கொங்காணி. அதிலிருந்து பழுப்பாக நீர் வழிந்து நீலச் சேலையின் முன்புறமெல்லாம் கறை. அவள் இருமினாள். இருமி முடித்து, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நாளைக்கு மறுநாள் எங்களுக்குத் தாளடி நடவுங்கம்மா. போன வாரமே மூணு பேரு காச்சல்ல படுத்துட்டாங்க. புதுசெல்லாம் மெதுவா வரட்டும். எங்க பன்னெண்டையும் குடுத்துட்டாப் போதும்."

"ரசீது இருக்குங்க" என்றார் மீரா உசேன். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். நான்கு மடிப்பும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் கிழியும் என்று பிரிக்காமலே நீட்டினார்.

"நீங்க எழுதினா அதுக்கு மேல அவங்க பேச மாட்டாங்களாம், பாய் சொன்னாரு" என்றாள் தங்கமணி. "ஒரு வரி எழுதுங்கம்மா. குடுத்துருங்கன்னு ஒரே ஒரு வரி."

"குழுமம் முடிவு செய்யும்" என்றேன்.

"நீங்களும் அதுலதானம்மா இருக்கீங்க?"

மணி பத்தரை ஆகிவிட்டதால் நான் உள்ளே போனேன்.

பத்தாவது கூட்டம் மீரா உசேனின் கோரிக்கையை எடுத்துக்கொள்ளும் முன்னரே ஓர் இடையூறு நேர்ந்தது. கூடத்தின் வடமேற்கு மூலையில் கூரை ஒழுகத் தொடங்கியது. கீழே கோப்பு அலமாரிகள் நான்கு. பத்து மாத உழைப்பு அவற்றுக்குள் இருந்தது: நடவடிக்கைக் குறிப்புகள், நோக்க அறிக்கை, நிறத் துணைக்குழுவின் அறிக்கை, பொம்மை வாங்கிய சீட்டு, எல்லாம் என் கையால் எண்ணிடப்பட்டவை. முதல் துளி விழுந்தது, அலமாரியின் மேல் எடுத்துவைத்திருந்த ஒன்பதாவது கூட்டத்தின் குறிப்பேட்டின் மேல். மை பரவுவதை நான் கண்டேன். உறுப்பினர்கள் நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். துரைராசு வாளி கொண்டுவரச் சொன்னார். வைரக்கண்ணு வாளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒருவர் சொன்னார்: "அந்தப் பன்னிரண்டும் இருக்கின்றனவே."

சொன்னவள் நான்.

யோசித்துச் சொல்லவில்லை என்று இத்தனை ஆண்டு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது சரியன்று. சன்னலுக்கு அப்பால் அவர்கள் நிற்பது எனக்குத் தெரிந்தது. சாக்கின் பழுப்பு நிறம் கண்ணாடி வழியே தெரிந்தது. கோப்பு நனைவதைத்தான் என்னால் தாங்க இயலவில்லை.

வைரக்கண்ணு ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பன்னிரண்டையும் எடுத்துவந்து, அலமாரிக்கு மும்மூன்றாகப் போர்த்தினார். நீளமான பின்புறம் அலமாரியின் கதவை மூடித் தரை வரை தொங்கியது. குட்டையான முன்புறம் சுவர்ப்பக்கம் பொருந்தியது. குடைக்கம்பி விளிம்பின் இருமருங்கும் நீர் வடிந்து தரையில் விழுந்தது. துரைராசு சற்று விலகி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லா ஃபிட் ஆகுதே" என்றார்.

அன்று முடிவானவை வருமாறு. மழைக்காப்பு மேலாடையின் திருத்திய வடிவம், அதாவது முன்னும் பின்னும் சமமாய், பையுடனும் சக்கரப் பின்னலுடனும் கூடியது, கொள்கையளவில் அங்கீகரிக்கப்பட்டது. நிறம் முடிவானபின் விலைப்புள்ளி கோரப்படும். திருத்திய வடிவம் குழுமத்தின் வடிவமே ஆதலால், அதன்பொருட்டு மீரா உசேனுக்குப் பாலிதீன் சுருள் ஒதுக்கீடு செய்யப் பரிந்துரைக்க இயலாது. எனினும் அவரது முயற்சியைப் பாராட்டி ஒரு சான்றிதழ் வழங்கலாம். மாதிரிகள் பன்னிரண்டையும் உரியவர்களிடம் திருப்பித் தரும் கோரிக்கை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது; அடுத்த கூட்டம் சனவரி மாதம் 10ஆம் நாள் கூடும். அதுவரை, அலுவலகக் கோப்புகளின் பாதுகாப்புக் கருதி, அவை இருக்குமிடத்திலேயே இருக்கும். கடைசித் தீர்மானத்தை முன்மொழிந்தவர் மங்களாம்பிகை, மதிப்புறு செயலர். எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின.

முடிவை வெளியே போய்ச் சொல்ல வைரக்கண்ணுவை அனுப்பினேன். நான் போகவில்லை. அவர் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, தலைதுவட்டிக்கொண்டே, "பொறப்பட்டுட்டாங்கம்மா" என்றார். வேறு ஏதும் சொன்னார்களா என்று கேட்டேன். "அது ஒழுகாம நிக்குதான்னு அந்தப் பொம்பள கேட்டுச்சு. நிக்குதுன்னேன். சந்தோசம்னு சொல்லிச்சு" என்றார்.

மழை பதினொரு நாள் பெய்தது. கூரை நான்கு இடங்களில் ஒழுகியது. ஒன்பதாவது கூட்டத்தின் குறிப்பேடு இருந்த அலமாரியின் மேல் வந்தது சைக்கிள் டியூப்பு ஒட்டுப் போட்டது. மழை நின்றபின் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தேன். அந்த முதல் துளிக்குப் பின் ஒன்றுகூட நனையவில்லை.